மறு: டெட் ஸ்டோரேஜ் (அணையில் நீர் வெளியேறும் வாய்க்குக் கீழே தங்கிவிடும் கொள்ளளவு) – தமிழில் என்ன சொல்லலாம்?

> 'இறந்த கொள்ளளவு' என்றே வைத்துவிடலாமே ஐயா. 'சாக்கடல்' என்கிறோம் இல்லையா?

சாக்கடலில் மீன் வாழாது, பெயர் பொருந்துகிறது. எகிப்தில் நைல் ஆற்றின் குறுக்கே உள்ள அஸ்வான் உயர் அணையின் நாசர் ஏரியில் அப்படியா? அடியில் கிடக்கும் நீர் சாகவில்லை, டர்பைனுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். ஏரி 182 மீட்டர் மட்டம் வரை நிரம்பினால் சுமார் 162 கன கிலோமீட்டர். அதில் 147 மீட்டருக்குக் கீழே கிடப்பது ஏறத்தாழ 31. அதற்கு மேல் 175 வரை உள்ள 90-தான் பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும். மிச்சம் 41 வெள்ளத்துக்காகக் காலியாக விட்டது.

> 'வண்டல் கொள்ளளவு'?

அஸ்வான் கட்டுரையில் நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். அந்த 31-ஐ ஒதுக்கியதே நைல் வண்டலுக்காகத்தானே! 1902-இல் முடிந்த பழைய அணையில் 180 மதகுகள். வெள்ளக் காலத்தில் திறந்துவிட்டால் கலங்கல் நீர் அப்படியே போய்விடும். 1970-இல் முடிந்த உயர் அணையில் அதற்கு வழியில்லை, வண்டல் உள்ளேயே தங்குகிறது. ஆனால் பெரும்பகுதி அணையடி வரை வருவதே இல்லை. ஏரியின் தலைமாட்டில், சூடான் பக்கம், ஆற்றின் வேகம் தணியும் இடத்திலேயே படிந்துவிடுகிறது. வண்டல் ஓரிடம், அதற்கு ஒதுக்கிய இடம் வேறிடம். அப்புறம் அந்தப் பெயர் எதற்கு?

1988-ஐ நினைத்துப் பாருங்கள். பல வருட வறட்சிக்குப் பின் ஜூலையில் மட்டம் 150 மீட்டரை ஒட்டி வந்துவிட்டது. இன்னும் மூன்று நான்கு மீட்டர் இறங்கியிருந்தால் 12 டர்பைன்களும் நின்றிருக்கும். ஆகஸ்டில் நீல நைலில் பெருவெள்ளம் வந்ததால் எகிப்து தப்பித்தது. கார்ட்டூம் மூழ்கியது, அது வேறு கதை. அந்த ஜூலையில் முக்கியமாக இருந்தது ஒன்றே ஒன்று: நீர் வெளியேறும் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது? பெயரும் அதைத்தான் சொல்ல வேண்டும். என் முன்மொழிவு: மதகடிக் கொள்ளளவு.

---

மதகு எங்கே இருக்கிறது அங்கே? மின்நிலையத்துக்கு நீர் போவது ஆறு சுரங்கங்கள் வழியாக. ஒவ்வொன்றும் இரண்டு டர்பைன்களுக்கு. பலகை ஏற்றி இறக்கும் மதகைச் சொன்னால் படிப்பவர் மனத்தில் வேறு படம் வரும்.

---

சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் 'தூம்பு'? ஏரிக் கரைக்கு அடியில் நீர் போகும் குழாய்க்கு நம் கல்வெட்டுகளிலேயே உள்ள சொல். உள்ளே துளையுள்ளது என்பதுதான் பொருள், சுரங்கத்துக்கும் பொருந்தும்.

தூம்படிக் கொள்ளளவு, புழங்கு கொள்ளளவு, வெள்ளக் கொள்ளளவு. மூன்றும் ஒரே வரிசையில் நிற்கின்றன. 'இருப்பு' வேண்டாம். அது இன்று எவ்வளவு நீர் இருக்கிறது என்பதற்கு, செய்தித்தாளில் ஏற்கெனவே புழங்குகிறது.

---

ஏற்கலாம். பட்டியலில் சேர்த்துவிட்டேன். க் மிகுமா என்று யாரும் தனி இழை தொடங்க வேண்டாம். மிகும்.