வெள்ளை ராஜபாளையம் நாயைப் பென்சிலில் வரைந்தால் ஆடு மாதிரி வருகிறது, எங்கே தப்பு?

ஸ்ரீவி_பொண்ணு:
பெரியப்பா வீட்டு ராஜபாளையம், பெயர் சின்னான். வயது 11, கண் மங்கிக்கொண்டு வருகிறது. அவன் இருக்கும்போதே ஒரு படம் வரைந்து பெரியப்பாவுக்குக் கொடுக்க ஆசை. மூன்று முறை வரைந்தாகிவிட்டது. முதல் படத்தைப் பார்த்துத் தங்கை ‘இது யார் வீட்டு ஆடு?’ என்றாள். இரண்டாவதில் முடி முடியாகக் கோடு போட்டேன், சாம்பல் நாயாகிவிட்டான். மூன்றாவதில் மூக்கு. அவனுக்கு ரோஸ் மூக்கு. நல்ல கறுப்பாக விழும் 6பி பென்சிலால் அழுத்தினால் லாப்ரடார், விட்டுவிட்டால் மூக்கே காணோம். போனில் எடுத்த போட்டோவைப் பார்த்து, ஜெராக்ஸ் தாளில் வரைகிறேன்.

கரிக்கோடு:
தங்கச்சி, முதலில் ஜெராக்ஸ் தாளை விடும்மா. இரண்டு தடவை அழித்தாலே நார் கிளம்பிவிடும். 200 ஜிஎஸ்எம்முக்கு (தாளின் கன அளவு) குறையாத வழவழப்பான தாள் வாங்கு.

வெள்ளை முடியில் பென்சிலுக்கு வேலையே இல்லை, அதைத் தாள் பார்த்துக்கொள்ளும். நிழல் விழும் இடம்தான் உன் வேலை: காதுக்கு அடியில், தாடைக்குக் கீழே, கழுத்துத் தோல் மடிப்பில். அங்கே வெளிறிய கோடு விழும் 2எச் பென்சிலை வைத்து, முடி படிந்திருக்கும் திசையில் சின்னச் சின்னதாக இழு. ராஜபாளையத்துக்கு முடி குட்டை, தோலோடு ஒட்டிக் கிடக்கும். கோடு நீண்டால் பொமரேனியன் ஆகிவிடும். அப்புறம் தலைக்குப் பின்னால் 4பி-யால் இருட்டாக்கு. பின்னால் கறுக்கக் கறுக்கத் தலை தானாக வெளுக்கும். இது எனக்கு உறைக்க நாலு வருஷம் ஆனது. என் முதல் வெள்ளை நாய் இன்னும் பரண்மேல்தான் கிடக்கிறது, மனைவி இறக்க விடமாட்டேன் என்கிறாள்.

மூக்குக்குப் போட்டோவைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார். ரோஸ் நிறம் நடுத்தரச் சாம்பலாகத் தெரியும், அதற்கு எச்பி போதும். நாசித் துளை மட்டும் 6பி. ஈரத்துக்கு மேல்விளிம்பில் ஒரு பொட்டு வெள்ளை விட்டுவிடு.

கண் மங்கலாக இருக்கிறது என்றாயே, அப்படியானால் கண்மணியை முழுக் கறுப்பாகவே விட்டுவிடாதே. கறுப்பாக்கிய பிறகு, களிமண் மாதிரிப் பிசையும் ரப்பரை ஒருமுறை லேசாக ஒற்றி எடு. மேல் இமையின் நிழல் கண்மேல் விழ வேண்டும், இல்லாவிட்டால் முறைக்கிற மாதிரி இருக்கும். விரலால் மட்டும் தேய்க்காதே, கை எண்ணெய் பட்ட இடம் திட்டுத் திட்டாகும்.

ஆல்பம்காரன்:
போனை மூஞ்சிக்குக் கிட்டே கொண்டுபோய் எடுத்திருப்பீர்கள். அப்போது மூக்கு பெரிதாகிக் காது சிறுத்துப் போகும். ஆடு வந்த கதை அதுதான் என்று படுகிறது. ஆறேழு அடி தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். காலை வெயில் பக்கவாட்டில் விழட்டும், ஃபிளாஷ் வேண்டாம். இந்த இனத்தில் பிறவிச் செவிடு சகஜம், கூப்பிட்டுத் திரும்பாவிட்டால் துண்டை ஆட்டிப் பாருங்கள். 2005-இல் தபால் துறை நாட்டு நாய்களுக்கு அஞ்சல்தலை போட்டபோது நாலில் ஒன்று நம்ம ராஜபாளையம். அப்பா ஆல்பத்தில் இருக்கிறது, தொட்டால் திட்டுவார்.

ஸ்ரீவி_பொண்ணு:
செவிடேதான்! துண்டு வேலை செய்தது. அண்ணே, மீசை? வெள்ளை முகத்தில் வெள்ளை மீசையை எப்படிக் காட்டுவது?

கரிக்கோடு:
மை தீர்ந்த ரீஃபில் இருக்கிறதா? நிழல் போடுவதற்கு முன்பே அதால் அழுத்தி மீசையை இழுத்துவிடு. மேலே பென்சில் போகும்போது அந்தப் பள்ளத்தில் கரி ஏறாது, வெள்ளையாகவே நிற்கும். கன்னத்தில் தெரியாது, இருட்டுப் பின்னணிக்குள் நீளும் நுனிதான் தெரியும். அது போதும். முதலில் வேறு தாளில் பழகு, தப்பாக விழுந்த பள்ளத்தை அழிக்க முடியாது.

ஸ்ரீவி_பொண்ணு:
நாலாவது படம் முடிந்தது. மீசை அருமையாக வந்திருக்கிறது, மூக்கும் சரி. தங்கை பார்த்துவிட்டு ‘இப்போ நாய்தான். ஆனா யார் வீட்டு நாய்?’ என்கிறாள். சின்னானுக்கு இடது காது நுனியில் பழைய கிழிசல் ஒன்று உண்டு. போட மறந்தே போனேன். இன்று ராத்திரி அந்தக் காதை அழிக்கிறேன்.