மறு: ஊருணிக் கரைக் கொன்றை மரங்கள், இரண்டாம் தவணைப் பணம்

அனைவருக்கும் வணக்கம்.

ஊருணிக் கரையில் நட்ட கொன்றைக் கன்றுகளுக்கு இரண்டாம் தவணையாகத் தலைக்கு 5,000 ரூபாய் கேட்டு வந்த மடலுக்கு ஏன் இன்னும் பதில் எழுதவில்லை என்று துபாய் அண்ணன் நேற்றுப் போனில் கேட்டார். பணம் இல்லாமல் இல்லை. சித்திரையில் பத்து நாள் ஊரில் இருந்தேன். ஊருணிக் கரையில் நாம் வைத்திருப்பது சரக்கொன்றை அல்ல. அது தெரிந்த பிறகு பணம் அனுப்பக் கை வரவில்லை.

பஸ் நிறுத்தத்துக் கிழட்டுக் கொன்றை எல்லோருக்கும் நினைவிருக்கும். அதன் முழ நீளக் கறுப்புக் காயை வைத்துக்கொண்டு வாள் சண்டை போடாதவர் இந்தக் குழுவில் யார்? உடைத்தால் விரலில் ஒட்டும் அந்தச் சதையை மலம் இளக அப்பத்தா கரைத்துக் கொடுப்பார். நான் போய் இறங்கிய அன்று இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மரம் முழுக்க மஞ்சள் சரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கண்டக்டர் மாமா பஸ்ஸை விட்டு இறங்கி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். இளவேனிலில் நம் ஊருக்கு வேறு என்ன அழகு இருக்கிறது?

கிளையில் மிச்சமிருந்த ஓர் இலையைப் பறித்துக்கொண்டு கரைக்குப் போனேன். கிழட்டு மரத்தில் ஒரு காம்பில் நாலைந்து ஜோடிச் சிற்றிலைதான். ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். நம் மரங்களில் சின்னச் சின்னதாய்ப் பத்து ஜோடிக்கு மேல். போன ஐப்பசியில் ‘முதல் பூ’ என்று வந்த படத்தை எடுத்துப் பாருங்கள். கொத்து வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கிறது. சரம் சரமாகத் தொங்குவதால்தானே அது சரக்கொன்றை!

நாற்றங்காலில் ‘மஞ்சள் கொன்றை’ என்று பெயர் சொல்லிக் கொடுத்திருப்பது சென்னா ஸ்பெக்டாபிலிஸ். அமெரிக்கக் கண்டத்து மரம். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் காட்டுக்குள் பரவி, வனத்துறை அதைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறது. ஆடு மாடு வாய் வைக்காது. விதை கொட்டிக்கொண்டே இருக்கும். வெட்டினால் அடியிலிருந்து நாலு தளிர் வரும். இதைப் படிக்கும்போது உங்களுக்குச் சீமைக்கருவேலம் நினைவுக்கு வரவில்லையா? 2017-இல் அதை அகற்றச் சொன்ன நீதிமன்ற உத்தரவை ஒட்டி நாமும் ஜேசிபி வைத்து ஊருணியைச் சுத்தம் செய்தோம். யார் யார் எவ்வளவு கொடுத்தோம் என்பதைப் பொருளாளர் அண்ணனே சொல்லட்டும்.

துபாய் அண்ணன் கேட்கும், கன்று வாங்கிய ரசீது வரட்டும், நானும் கேட்கிறேன். ஆனால் அதில் 120 கன்று என்று சரியாக இருந்தாலும் மரம் தவறுதான். ஊருணி தூர்வாரிய வருடம் நாலணாவுக்கு என் அப்பாவை மந்தையில் நிறுத்திக் கேள்வி கேட்டவர்கள், இப்போது கன்றின் பெயரைக்கூடக் கேட்காமல் வாங்கியிருக்கிறார்கள். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிடுங்கினால் பக்கத்து ஊரில் சிரிப்பார்கள் என்கிறார் மேலத்தெரு மாமா. மாமா, மரம் நட்டதற்கான கல்வெட்டில் உங்கள் பெயர் அப்படியே இருக்கட்டும். சிவன் சூடும் பூ நம் கரையில் பூக்க வேண்டும் என்றுதானே பெரிய வீட்டு ஐயா அன்று பேச்சைத் தொடங்கினார்? அந்தப் பூவையே வைப்போம்.

இரண்டு வயது மரங்கள்தான், இப்போதே வேரோடு எடுத்துவிடலாம். வெறுமனே வெட்டக் கூடாது. காய் முற்றவும் விடக் கூடாது. சரக்கொன்றை மெதுவாகத்தான் வளரும். பூக்கச் சில வருடம் ஆகும். விதைத்தோல் கெட்டி, உப்புத்தாளில் தேய்த்து ஊறப்போட்டால்தான் முளைக்கும். கிழட்டு மரத்தின் போன வருடத்துக் காய்களில் ஆறைப் பெரியம்மா வீட்டுப் பரணில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஆனியில் ஊருக்குப் போகிறவர்கள் யார் என்று எழுதுங்கள். அந்த வேலைக்கு என் 5,000 உடனே வரும்.

அன்புடன்,
டீச்சர் வீட்டு இளையவன்
சிங்கப்பூர்