கோடாக் தூங்கிவிட்டது என்பது உண்மையா? ஃபூஜி மட்டும் எப்படித் தப்பித்தது?

கேள்வி

ஓசூரில் எஞ்சின் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் 14 வருடமாக வேலை பார்க்கிறேன். பேட்டரி வண்டிகள் வர வர ஆர்டர் என்ன ஆகுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருக்கிறது. அதோடு பெரிய முதலாளி ஒதுங்கி, அவர் மகன் பொறுப்புக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. போன வாரம் வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்து வகுப்பு எடுத்தார்கள். டிஜிட்டல் கேமரா வருவதைப் பார்க்காமல், கேமரா ஃபிலிம் விற்ற அமெரிக்கக் கம்பெனி கோடாக் தூங்கிவிட்டது, அழிந்தது என்று அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆனால் டிஜிட்டல் கேமராவை முதலில் செய்ததே கோடாக்தான் என்று படித்திருக்கிறேன். செய்தவனே எப்படித் தூங்குவான்? அதே ஃபிலிம் விற்ற ஜப்பானின் ஃபூஜி இன்றும் நன்றாக இருக்கிறதே, அது எப்படி? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள். எங்களுக்கு இது வயிற்றுப்பாட்டு விஷயம்.

பதில் 1

தூங்கவே இல்லை நண்பரே. 1975-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில், கோடாக் ஆய்வகத்தில் ஸ்டீவ் சாசன் என்ற இளம் இன்ஜினியர் அந்தக் கேமராவைச் செய்தார். எடை மூன்றரை கிலோவுக்கு மேல், 0.01 மெகாபிக்சல், ஒரு கருப்பு வெள்ளைப் படம் கேசட்டில் பதிய 23 நொடி. 1981-இல் சோனி ஃபிலிம் இல்லாத தன் மாவிகா கேமராவைக் காட்டியதும் கோடாக்கிலேயே இதைப் பற்றி ஒரு ஆய்வு செய்தார்கள், தயாராவதற்குச் சுமார் பத்து வருடம் இருக்கிறது என்று அதில் தெளிவாகவே வந்தது. 2005-இல் அமெரிக்காவில் டிஜிட்டல் கேமரா விற்பனையில் முதலிடம் யாருக்குத் தெரியுமா, கோடாக்குக்குத்தான்! அப்படியும் 2012 ஜனவரியில் திவால் மனு போட்டார்கள்.

சிக்கல் லாபத்தில் இருந்தது. கேமராவை ஒருவர் ஒரு தடவைதான் வாங்குவார், ஆனால் ரோல், கழுவும் கெமிக்கல், பிரிண்ட் பேப்பர் என்று வருடக்கணக்கில் காசு வந்துகொண்டே இருக்கும், தொழிற்சாலை, ஆள்பலம், முதலீட்டாளர்களுக்குத் தரும் டிவிடெண்ட் எல்லாம் அந்த வருமானத்தை நம்பித்தான் ஓடின. டிஜிட்டல் கேமராவில் அந்த லாபம் கிடையாது. அதனால் உள்ளே யார் அதைப் பற்றிப் பேசினாலும், சொந்தச் சோற்றில் மண்ணைப் போடுகிறவர் போலத்தான் மற்றவர்கள் பார்த்திருப்பார்கள்.

பதில் 2

நான் ஸ்டுடியோ வைத்திருந்தவன். கல்யாண சீசனில் ரோல் ரோலாக லேபுக்கு அனுப்பிய காலம் உண்டு, அது சில வருடங்களுக்குள் காணாமல் போனது, அதைக் கண்ணால் பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேகம் புரியும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊட்டியில் அரசு நடத்திய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் டிஜிட்டல் பரவுவதற்கு முன்பே, 90-களிலேயே நலிந்த நிறுவனம் ஆகிவிட்டது. எல்லாப் பழியையும் டிஜிட்டல் மேல் போட்டுவிட முடியாது.

பதில் 3

ஃபூஜி பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்குத் தேவையானது அங்கேதான் இருக்கிறது. ஷிகெடாகா கொமோரி 2000-இல் தலைவரானார். உலகத்தில் ஃபிலிம் விற்பனை உச்சத்தில் இருந்ததும் ஏறக்குறைய அதே நேரம்தான், அப்புறம் ஒரே சரிவு. அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, கம்பெனியில் என்னென்ன தொழில்நுட்பம் இருக்கிறது, அதை வேறு எங்கே பயன்படுத்தலாம் என்று கணக்கெடுக்கச் சொன்னது. ஃபிலிமில் சுமார் பாதி ஜெலட்டின், அது கொலாஜன் என்ற புரதத்திலிருந்து வருவது. நம் தோலிலும் அந்தக் கொலாஜன்தான். படம் வெளுக்காமல் காக்கும் ரசாயன அறிவும் தோலுக்கு உதவும். அதை வைத்து 2007-இல் அஸ்டாலிஃப்ட் என்ற அழகுப் பொருட்களைக் கொண்டுவந்தார்கள். ஃபிலிமுக்கு அடித்தளமாக இருந்த அதே பிளாஸ்டிக் எல்சிடி திரைக்கும் தேவைப்பட்டது, அதில் பெரிய முதலீடு போட்டார்கள். 2008-இல் டோயாமா கெமிக்கல் என்ற மருந்துக் கம்பெனியை வாங்கினார்கள். இதெல்லாம் வலி இல்லாமல் நடக்கவில்லை, 2006-இல் போட்டோ பிரிவில் சுமார் 5,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தார்கள், அதை மறைத்துப் பேசுவது சரியில்லை.

கோடாக்கிடம் ரசாயனம் இல்லையா என்றால், நிறையவே இருந்தது. ஈஸ்ட்மன் கெமிக்கல் அவர்களுடையது. 1994-இல் அதைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள், அது இன்றும் நன்றாக ஓடுகிறது. 1988-இல் 510 கோடி டாலருக்கு வாங்கிய ஸ்டெர்லிங் என்ற மருந்துக் கம்பெனியையும் அதே 1994-இல் விற்றுவிட்டார்கள். தலைமையையும் பாருங்கள். 1993-இல் மோட்டோரோலாவிலிருந்து ஜார்ஜ் ஃபிஷர், 2000-இல் உள்ளேயிருந்து டேனியல் கார்ப், 2005-இல், முன்பு பிரிண்டர் செய்யும் ஹெச்பி கம்பெனியில் இருந்த அன்டோனியோ பெரெஸ். பெரெஸ் தலைமையில் வீட்டு பிரிண்டரில் பணத்தைக் கொட்டினார்கள். பிரிண்டர் அவருக்குத் தெரிந்த தொழில், கோடாக்குக்குத் தெரிந்த தொழில் இல்லை. கொமோரி ஃபூஜியிலேயே வளர்ந்தவர், கிட்டத்தட்ட இருபது வருடம் தலைமையில் இருந்து 2021-இல்தான் விலகினார். வெளியாள் வந்தாலே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆள் மாறும்போதெல்லாம் திசையும் மாறினால் எந்த வேலையும் முடியாது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. மூன்றாவது பதிலை இரண்டு முறை படித்தேன். எங்களுடைய முக்கியப் பொருள் பிஸ்டன் ரிங். அதற்காகக் குரோம் பிளேட்டிங் (குரோமியப் பூச்சு), ஹீட் ட்ரீட்மென்ட் எல்லாம் உள்ளேயே செய்கிறோம், வெளியே எதையும் கொடுப்பதில்லை. ஃபூஜி கணக்கெடுத்தது போல எங்களிடம் இருக்கும் தொழில்நுட்பத்தைப் பட்டியல் போட்டால், இதை அதில் எழுதலாமா?

பதில் 3

கட்டாயம் எழுதுங்கள். ஹைட்ராலிக் சிலிண்டர் ராடுக்கு (மண் அள்ளும் கையை நீட்டி மடக்கும் தண்டு) குரோம் பிளேட்டிங் வேண்டும், ஜேசிபி மாதிரி வண்டிகளில் எத்தனை ராடு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் உங்கள் பிளேட்டிங் தொட்டி எவ்வளவு நீளமான ராடைத் தாங்கும், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் காலியாகக் கிடக்கிறது, இந்த இரண்டையும் முதலில் ஷாப் ஃப்ளோரில் இருப்பவர்களிடம் கேட்டு வைத்துக்கொண்டு அப்புறம் சின்ன முதலாளியிடம் போங்கள்.