1921 குடிசன மதிப்பில் பூட்டனாரின் பெயரைத் தேடுகிறேன், எங்கே பார்க்க வேண்டும்?

வெள்ளவத்தை மகள்:

வணக்கம். என் அம்மாவின் அப்பப்பா, எனக்குப் பூட்டனார், இளவயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து புகையிரத இலாகாவில் லிகிதராக இருந்தவர். கொட்டாஞ்சேனையில் வாடகை வீட்டில் குடும்பத்தோடு வாழ்ந்து 1930களில் காலமானார். அவருடைய தகப்பனார் யார், எந்த ஊர், எந்தக் குறிச்சி என்று சொல்ல இப்போது ஒருவரும் இல்லை. வீட்டிலிருந்த பத்திரங்களும் படங்களும் 1983 ஆடிக் கலவரத்தில் எரிந்துவிட்டன.

1911, 1921 குடிசன மதிப்பு அறிக்கைகளைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். எல்லாம் எண்கள், ஒரு பெயர்கூட இல்லை. பெயர்கள் அடங்கிய தொகுதி வேறெங்காவது இருக்கிறதா? பொரளைக் கனத்தையில் அடக்கம் செய்ததாக மாமா ஒருவர் சொல்லுவார். ஆனால் மயான இடாப்பில் தேடுவதற்குத் திகதி வேண்டும், அது எங்களிடம் இல்லை. அம்மாவுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது. அவர் இருக்கும்போதே பூட்டனாரின் தகப்பனார் பெயரைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட வேண்டும். தெரிந்தவர்கள் உதவுங்கள்.

பழைய ஏடு:

பிள்ளை, குடிசன மதிப்பை இன்றோடு விட்டுவிடுங்கள். இங்கிலாந்தில் வீட்டுக்கு வீடு நிரப்பிய படிவங்களைக் காத்து வைத்து நூறு வருடம் கழித்துத் திறக்கிறார்கள். அங்கே 1921ஆம் ஆண்டுப் படிவங்கள் 2022இல்தான் வெளிவந்தன. அதைப் பார்த்துவிட்டு நம்மவர்கள் பலரும் இங்கும் அப்படி இருக்கும் என்று நம்பித் தேடுகிறார்கள். இலங்கையில் 1871 தொடக்கம் எடுத்த கணக்குகளில் நம் கைக்கு வருவது அறிக்கையும் அட்டவணையும்தான். சேர் பொன்னம்பலம் அருணாசலம் பொறுப்பாக இருந்து எழுதிய 1901 அறிக்கையை வாசியுங்கள், பூட்டனார் வந்திறங்கிய கொழும்பு எப்படி இருந்தது என்று விளங்கும். ஆனால் அவருடைய பெயர் அதில் கிடைக்காது.

உங்களுக்கு வேண்டியது இறப்புப் பதிவு. அதில் பெற்றோர் பெயருக்கு ஒரு நிரல் உண்டு. அடக்கம் அல்லது தகனம் செய்த இடத்தையும் எழுதுவார்கள். ஆகவே மயானத்திலிருந்து தொடங்காதீர்கள். பதிவை எடுத்தால் மயானம் எது என்பதை அதுவே சொல்லும்.

பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேட்கலாம். கொட்டாஞ்சேனை என்றால் கொழும்புப் பிரதேச செயலகம். ஒன்றைக் கவனியுங்கள்: மரணம் எங்கே நிகழ்ந்ததோ அந்தப் பிரிவில்தான் பதிவு இருக்கும், வீடு இருந்த பிரிவில் அல்ல. பெரியாஸ்பத்திரியில் உயிர் பிரிந்திருந்தால் கொட்டாஞ்சேனைப் புத்தகத்தைப் புரட்டிப் பயனில்லை. பெயரின் எழுத்தும் ஏமாற்றும். கந்தையா என்பதை ஆங்கிலத்தில் ஒருவர் கே எழுத்தில் தொடங்குவார், இன்னொருவர் சீ எழுத்தில் தொடங்குவார். சின்னத்தம்பியும் அப்படித்தான், எஸ் வரிசையிலும் சீ வரிசையிலும் இருப்பார். எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.

திகதியைக் குறுக்குவதற்குப் பழைய பத்திரிகைகளின் மரண அறிவித்தல்களைப் பாருங்கள். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியவை. பழைய இதழ்களைக் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் கேட்டுப் பார்க்கலாம். “அன்னார் காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகனும்” என்ற ஒரு வரி அகப்பட்டால் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

கொட்டாஞ்சேனைக்காரி:

தங்கச்சி, பூட்டனார் சைவமா, வேதமா (கிறிஸ்தவமா)? வேதக்காரர் என்றால் வழி சுலபம். எங்கள் ஆட்கள் கொழும்புச் செட்டிகள். ஜிந்துப்பிட்டி சென் தோமஸ் கோவில் ஞானஸ்நானப் புத்தகத்தில் என் பாட்டனாரின் பெயர், அவருடைய தாய் தகப்பன், ஞானப் பெற்றோர் எல்லாமே ஒரே வரியில் இருந்தன. வுல்பெண்டால் கோவில் ஏடுகள் ஒல்லாந்தர் காலத்துக்கே போகும். சைவம் என்றால் அநேகமாகத் தகனம்தான், கல்லறை தேடி வெயிலில் அலையாதீர்கள். அத்தோடு கொட்டாஞ்சேனைப் பக்கத்தவர்களுக்குக் கனத்தையைவிட மாதம்பிட்டி மயானம்தான் கிட்ட.

வெள்ளவத்தை மகள்:

சைவம்தான் அக்கா.

தெகிவளைத் தம்பி:

அக்கா, உங்கள் பூட்டனாருக்குக் கல்வெட்டு அடித்திருப்பார்களே? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொடுக்கும் சிறு புத்தகம். அதில் இறந்த வருடம், மாதம், திதியைச் சொல்லும் திதி வெண்பா கட்டாயம் இருக்கும். வெளிநாட்டில் உள்ள சொந்தக்காரர்களிடம் கேளுங்கள், 83க்கு முன்னரே போனவர்களின் பெட்டிகளில் இப்படியானவை தப்பியிருக்கும். நூலகம் இணையத்தளத்திலும் நிறைய நினைவு மலர்களை ஏற்றியிருக்கிறார்கள். அவருடைய சகோதரர்களின் கல்வெட்டு கிடைத்தாலும் தகப்பனார் பெயர் வந்துவிடும்.

வெள்ளவத்தை மகள்:

தம்பி, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். கனடாவில் இருக்கும் பெரியம்மாவிடம் ஒன்று இருக்கிறது! படம் எடுத்து அனுப்பினார். அட்டை இல்லை, வமிச வரலாறு வரும் நடுப்பக்கங்களும் இல்லை. பிள்ளையார் படம் உள்ள முதல் தாளும் அதன் பின்பக்கத்தில் வெண்பாவும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. வருடம் பவ, மாதம் ஆவணி, அபரபட்சத் (தேய்பிறைத்) தசமி. இதை ஆங்கிலத் திகதியாக மாற்றுவது எப்படி?

பழைய ஏடு:

அருமை. அறுபது வருடச் சுற்றில் பவ என்பது 1934 சித்திரை தொடக்கம் 1935 பங்குனி வரை. அதற்கு முந்திய பவ 1874இல் வந்தது, பிந்தியது 1994இல். ஆகவே குழப்பத்துக்கு இடமில்லை. ஆவணி என்பது ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டெம்பர் நடுவரை. 1934 ஆகஸ்ட் 10ஆம் திகதி ஒரு சூரிய கிரகணம் வந்தது, அதாவது அன்று அமாவாசை. அடுத்த அமாவாசை செப்டெம்பர் 8, 9 அளவில். தேய்பிறைத் தசமி அதற்கு ஐந்து நாள் முன்னர் வரும். செப்டெம்பர் முதல் வாரம் என்று எழுதிக் கொடுங்கள். பதிவு நடந்த திகதி சில நாள் பிந்தியிருக்கலாம், மாதம் முழுவதும் தேடச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை மகள்:

ஐயா, கிடைத்துவிட்டது. கொட்டாஞ்சேனைப் பிரிவில் இல்லை. நீங்கள் சொன்னபடி ஆஸ்பத்திரி இருந்த பிரிவில் இருந்தது. பெயர் சீ எழுத்தில் தொடங்குகிறது. பெற்றோர் நிரலில் தகப்பனார் பெயரும் தாயார் பெயரும் தெளிவாக இருக்கின்றன. தகனம் மாதம்பிட்டியில், அக்கா சொன்னது சரி. அறிவித்தவர் அவருடைய தம்பியாராம். அப்படி ஒருவர் இருந்தது அம்மாவுக்கே தெரியாது. பிரதியை வாசித்துக் காட்டினேன். இரண்டு பெயர்களையும் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். ஊர் மட்டும் இன்னும் தெரியவில்லை.

பழைய ஏடு:

கேட்கவே மனம் நிறைகிறது பிள்ளை. ஊருக்கு இனிக் காணி உறுதிதான் வழி. யாழ்ப்பாணத்து உறுதிகளில் காணியின் குறிச்சியும், அது முதுசமாக யாரிடமிருந்து வந்தது, சீதனமாக யார் கொடுத்தார் என்பதும் எழுதப்பட்டிருக்கும். அந்தத் தம்பியாரின் வழியில் யாராவது ஊரில் காணி வைத்திருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். உறுதி இலக்கம் ஒன்று கிடைத்தால் யாழ்ப்பாணக் காணிப் பதிவகத்தில் அதைக் கொண்டு பின்னோக்கிப் போகலாம். இலக்கம் கிடைத்ததும் இங்கே எழுதுங்கள், என்ன கேட்க வேண்டும் என்று சொல்லுகிறேன்.