முன்வாசலில் பதித்த ஸ்லேட் கல் பெயர்கிறது

கேள்வி: முன்வாசலில் ஒழுங்கற்ற ஸ்லேட் துண்டுகள் பதித்து ஆறு மாதம். தட்டினால் சிலவற்றில் பொள்ளல் சத்தம். இரண்டு பெயர்ந்துவிட்டன. ஏன்?

பதில் 1: பெயர்ந்த கல்லைப் புரட்டிப் பாருங்கள். முதுகு சுத்தமாக இருந்தால் கலவை பிடிக்கவே இல்லை. ஸ்லேட் தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. முதுகைக் கம்பி பிரஷால் தேய்த்து, கெட்டியான சிமெண்ட் பால் பூசி, அது காயுமுன் 1:4 கலவையில் (ஒரு பங்கு சிமெண்ட், நாலு பங்கு மணல்) முழுதாகப் படுக்க வையுங்கள். மூலைக்கு ஒரு உருண்டை கலவை மட்டும் வைப்பது வேண்டாம். அடியில் தண்ணீர் தங்கும்.

பதில் 2: பதிக்குமுன் தட்டிப் பார்க்கணும். கணீரென்றால் நல்ல கல், மந்தமாக ஒலித்தால் அடுக்கு விட்டிருக்கிறது. பெரிய துண்டுகள் ஓரத்துக்கு. சின்னது அங்கே நிற்காது. இடைவெளி 10–20 மி.மீ., வாட்டம் (தண்ணீர் ஓடச் சரிவு) மீட்டருக்கு 15 மி.மீ.

கேட்டவர்: சிமெண்ட் கறைக்கு ஆசிட் ஊற்றலாமா?

பதில் 1: கூடவே கூடாது. கல்லில் இரும்பு இருந்தால் துருக்கறை ஏறும். கலவை இறுகுமுன் ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிடுங்கள்.