400 மீட்டர் தனிநபர் மெட்லி: முதல் நூறில் செய்த பிழையும் அதைத் திருத்திக்கொண்ட விதமும்

நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கான ஒரு நீச்சல் போட்டியில் 400 மீட்டர் தனிநபர் மெட்லிக்கு (ஒருவரே பட்டர்ஃப்ளை, பேக்ஸ்ட்ரோக், பிரெஸ்ட்ஸ்ட்ரோக், ஃப்ரீஸ்டைல் என்ற வரிசையில் நான்கு பாணிகளையும் நூறு நூறு மீட்டராக நீந்துவது) முதன்முறையாகப் பெயர் கொடுத்தபோது, நான்கு பாணிகளும் ஓரளவு கைவந்திருந்தால் போதும், மீதியை மூச்சு பார்த்துக்கொள்ளும் என்றே நினைத்திருந்தேன். முதல் நூறு மீட்டர் பட்டர்ஃப்ளையை 1:28இல் முடித்துச் சுவரைத் தொட்டபோது என் குழுவில் நானே முன்னால் இருந்தேன். அடுத்து மல்லாந்து, கூரையின் இரும்புச் சட்டங்களைப் பார்த்தபடி கையைத் தூக்க முயன்றபோதுதான், இரண்டு தோள்களும் நனைந்த சாக்குப்போலக் கனப்பது தெரிந்தது. பேக்ஸ்ட்ரோக் 1:52, பிரெஸ்ட்ஸ்ட்ரோக் 1:58, ஃப்ரீஸ்டைல் 1:42 என இழுத்துப் பறித்துச் சரியாக 7 நிமிடத்தில் கரை சேர்ந்தேன்.

அன்றிரவு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்க வீரர் மைக்கேல் பெல்ப்ஸ் 4:03.84இல் நீந்திப் படைத்த அப்போதைய உலக சாதனையின் நூறு மீட்டர் நேரங்கள் வரிசையாக 54.92, 1:01.57, 1:10.56, 56.79 ஆகும். மொத்த நேரத்தில் ஏறத்தாழ 22.5 விழுக்காட்டை அவர் பட்டர்ஃப்ளைக்குச் செலவிட்டிருக்கிறார். நான் செலவிட்டதோ 21 விழுக்காடுதான். அதாவது, அவரவர் வேகத்துக்குள் வைத்துப் பார்த்தால் நான் பெல்ப்ஸைவிட அவசரமாகப் புறப்பட்டிருக்கிறேன்! (வீட்டில் இதைச் சொன்னபோது கிடைத்த சிரிப்பு இன்னும் ஓயவில்லை.) ஒவ்வொருவரின் வலுவான பாணியைப் பொறுத்து இந்தப் பங்கு சற்று மாறும் என்றாலும், பட்டர்ஃப்ளை எனக்கு வலுவான பாணி அன்று என்பதால் சாக்குச் சொல்லவும் இடமில்லை.

அடுத்த எட்டு மாதங்களில் என் பயிற்சியாளர் முதலில் கைவைத்தது வேகத்தில் அல்ல, எண்ணிக்கையில். ஐம்பது மீட்டருக்கு 31 கை வீச்சுகள் போட்டுக்கொண்டிருந்த என்னை, "சார், இருநூறு மீட்டர் பட்டர்ஃப்ளை போறதா நினைச்சுப் புறப்படுங்க" என்று சொல்லிச் சொல்லியே 26 வீச்சுகளுக்குக் கொண்டுவந்தார். இரண்டு வீச்சுக்கு ஒருமுறை மூச்சு எடுப்பதே அழகு என்று பிடிவாதமாக இருந்ததைக் கைவிட்டு, தொடக்கத்திலிருந்தே ஒவ்வொரு வீச்சுக்கும் மூச்சு எடுக்கத் தொடங்கினேன்.

ஆனால் உண்மையான கடினம் பேக்ஸ்ட்ரோக்கிலிருந்து பிரெஸ்ட்ஸ்ட்ரோக்குக்கு மாறும் இடத்தில்தான் இருக்கிறது. மல்லாந்து நீந்தும்போது தொடையின் முன்பகுதி ஓயாமல் மேலும் கீழும் உதைத்துக் களைத்திருக்க, திரும்பிய மறுகணமே முழங்காலை மடக்கி, பாதங்களை வெளிப்புறமாகத் திருப்பி, உள்தொடையால் நீரை அழுத்த வேண்டியிருப்பதால், முதல் நான்கைந்து உதைகளுக்குக் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இதற்காகவே வாரம் இருமுறை, ஐம்பது மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கும் ஐம்பது மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்குமாகச் சேர்த்து எட்டு நூறுகள், இடையில் 20 விநாடி ஓய்வுடன் நீந்தினேன். பேக்ஸ்ட்ரோக்கில் கைகளை நம்பி, கால் உதையை அளவோடு வைத்துக்கொள்ளும் பழக்கம் இந்த நூறுகளில்தான் வந்தது. சனிக்கிழமைகளில் ஒவ்வொரு நூறுக்கும் இடையில் 10 விநாடி மட்டும் நின்று முழு 400 மீட்டரையும் நீந்தி, மொத்தத்திலிருந்து 30 விநாடியைக் கழித்துக் கிடைக்கும் நேரத்தையே போட்டிக்கான இலக்காக வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது போட்டியில் 1:35, 1:43, 1:51, 1:29 என மொத்தம் 6:38 வந்தது. முதல் நூறில் 7 விநாடியை விட்டுக்கொடுத்து, மற்ற மூன்றில் 29 விநாடியைத் திரும்பப் பெற்றேன். பட்டர்ஃப்ளை முடிவில் ஐந்தாவதாக இருந்ததை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. அந்தச் சில விநாடிகளில் பக்கத்துத் தடத்தைப் பார்க்காமல் இருப்பதற்குத்தான் எனக்கு அதிகப் பயிற்சி தேவைப்பட்டது.

மற்றொரு உறுப்பினரின் பகிர்வு

மேலே குறிப்பிட்ட அதே திருப்பத்தில் நான் இழந்தது விநாடிகளை அல்ல, போட்டியையே. பேக்ஸ்ட்ரோக் மட்டும் நீந்தும் போட்டியில் சுவருக்கு முன்பாகக் கவிழ்ந்து குட்டிக்கரணம் அடித்துத் திரும்பலாம். மெட்லியிலோ பேக்ஸ்ட்ரோக் அந்தச் சுவரோடு முடிந்துவிடுவதால், மல்லாந்த நிலையிலேயே சுவரைத் தொட்டாக வேண்டும். விதி தெரிந்திருந்தும், களைப்பில் உடல் பழைய வழக்கத்துக்குப் போய்விட, கை சுவரில் படுவதற்குள் தோள் கவிழ்ந்துவிட்டது. மீதி 200 மீட்டரையும் உயிரைக் கொடுத்து நீந்தி முடித்து மேலே ஏறிய பிறகுதான் நான் தகுதிநீக்கம் செய்யப்பட்டது தெரிந்தது.

அதன் பிறகு சுவரிலிருந்து 5 மீட்டர் தொலைவில் தலைக்கு மேலே கட்டியிருக்கும் கொடிகளைக் கடந்ததும் வீச்சுகளை எண்ணுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். புத்துணர்வோடு இருக்கும்போது எனக்கு நான்கு வீச்சுகள் போதும். பட்டர்ஃப்ளை நீந்திக் களைத்த பிறகு ஐந்து தேவைப்படுகின்றன. ஆகவே இந்த எண்ணிக்கையைப் பயிற்சியின் தொடக்கத்தில் எடுக்காமல், கடைசியில், கைகள் ஓய்ந்துபோன நேரத்தில்தான் எடுத்துக்கொள்கிறேன்.