பின்னால் பொலிஸ் வண்டி வந்தால் என்ன செய்வது? இலங்கை மலையகத்திலிருந்து வெளிநாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

தலவாக்கலைத் தம்பி, பிராம்ப்டன், கனடா:

அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். ஊரில் வேன் ஓட்டியவன் நான். இங்கே ஜி1 என்ற பழகுநர் லைசன்ஸ் எடுத்து, மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழகுகிறேன். ஒரு சந்தேகம், சிரிக்க வேண்டாம். எது பொலிஸ் வண்டி என்றே எனக்குப் பிடிபடவில்லை. ஒன்று வெள்ளை, ஒன்று சாம்பல், ஹைவேயில் கறுப்பு வெள்ளை. மின்னுகிற விளக்கும் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று வகைவகையாக இருக்கிறது. எதற்கு ஒதுங்குவது, எதற்கு நிற்பது?

ஹட்டன்காரன், ஸ்காபரோ:

தம்பி, சிரிக்க ஒன்றுமில்லை. ஊரில் நாம் பொலிஸ் வண்டியைப் பார்த்து ஓட்டிப் பழகவே இல்லையே. கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறும்போது யாரைப் பார்த்து வேகத்தைக் குறைப்போம்? வளைவு முடிகிற இடத்தில் நிழலில் நிற்கிற டிரபிக் பொலிஸ்காரரைத்தான். அவர் கை நீட்டுவார், நாம் ஓரம் கட்டுவோம், இறங்கிப் போய் லைசன்ஸை நீட்டுவோம். அதற்கு முன்னாலேயே எதிரில் வருகிற பஸ்காரர் லைட் அடித்துச் சொல்லிவிடுவார். ஜீப் தோட்டத்துக்குள் வந்தால் அது கசிப்பு என்ற கள்ளச் சாராயம் பிடிக்கவோ சண்டை விலக்கவோதான். இங்கே ரோட்டில் ஆள் நிற்பது குறைவு. வண்டிதான் கை காட்டும், அதுவும் பின்னாலிருந்து. ஆகவே கண்ணாடியைப் பார்த்து ஓட்டப் பழகுங்கள்.

நிறம் மாறுவதற்குக் காரணம் இருக்கிறது. பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை நமக்கு ஒரே பொலிஸ் திணைக்களம். இங்கே ஒன்டாரியோ மாகாணத்தில் அப்படி இல்லை. பிராம்ப்டனுக்கு பீல் பொலிஸ், எங்கள் ஸ்காபரோவுக்கு டொரொன்டோ பொலிஸ், ஸ்டீல்ஸ் அவெனியூவைத் தாண்டி மார்க்கம் பக்கம் போனால் யோர்க் பொலிஸ். 401 மாதிரி ஹைவேயில் மாகாணப் பொலிஸான ஓபிபி. அவர்கள் 2007இல்தான் பழைய கறுப்பு வெள்ளைக்குத் திரும்பினார்கள். டொரொன்டோவில் பல வருடம் வெள்ளைக் காரில் சிவப்பு, நீலக் கோடு. பிறகு சாம்பல் வந்தது. இன்னும் சில கார்களில் எழுத்தே காரின் நிறத்தில் இருக்கும், பக்கத்தில் வந்தால்தான் தெரியும். அதனால் நிறத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். விளக்கைப் பாருங்கள்.

சிவப்பும் நீலமும் சேர்ந்து மின்னினால் பொலிஸ். சிவப்பு மட்டும் என்றால் பெரும்பாலும் ஆம்புலன்ஸ் அல்லது தீயணைப்பு. எது வந்தாலும் வலது ஓரத்துக்குப் போய் நிற்க வேண்டும். வலது! ஊரில் இடது பக்கம் ஓட்டிய கை, பதற்றத்தில் இடது பக்கமே திருப்பும். இரண்டு லேனுக்கு மேல் உள்ள ஒருவழிப் பாதையில் மட்டும் எந்த ஓரம் கிட்டவோ அந்த ஓரம். அவசரத்துக்குப் போகிற தீயணைப்பு வண்டியின் பின்னால் 150 மீட்டருக்குள் போவதும் குற்றம். ஆம்புலன்ஸுக்கு வால் பிடித்துக்கொண்டு டவுனைத் தாண்டுகிற கெட்டிக்காரத்தனத்தை ஊரோடு விட்டுவிடுங்கள்.

நீலம் மட்டும் மின்னினால் அது பனி அள்ளுகிற லொறி. இது தெரியாமல் பொகவந்தலாவையிலிருந்து வந்த மச்சான் ஒருவர் பட்ட பாடு எங்கள் வீட்டில் இன்றும் கதை. இரவு ஷிப்ட் முடிந்து வருகிறார், பின்னால் நீலம் மின்னுகிறது. பயபக்தியோடு ஓரம் கட்டி, கண்ணாடியை இறக்கி, ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக் காத்திருந்தார். லொறி நிற்கவே இல்லை. ரோட்டுப் பனியையெல்லாம் வழித்து அவருடைய கதவோடு அணைத்துவிட்டுப் போயிற்று. கண்ணாடி திறந்திருந்ததால் பாதி மடியில். அந்த லொறிக்கு நிற்கத் தேவையில்லை, இடைவெளி விட்டுப் பின்னால் வாருங்கள், முந்தப் பார்க்காதீர்கள்.

அப்புறம், பொலிஸ் வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு ரோட்டோரம் நின்றால் நீங்கள் வேகத்தைக் குறைத்து, பக்கத்து லேனுக்கு மாற இடம் இருந்தால் மாறிப் போக வேண்டும். மஞ்சள் விளக்கு மின்ன நிற்கிற டோ டிரக்குக்கும் இதுவே சட்டம். மீறினால் முதல் தடவையே 400 முதல் 2,000 டொலர் வரை தண்டம், லைசன்ஸில் 3 குற்றப் புள்ளியும் விழும்.

உங்களையே நிறுத்தினால் இறங்காதீர்கள். நம் ஊரில் இறங்கிப் போய்ப் பேசுவது மரியாதை. இங்கே இறங்கி நடந்தால் அந்த ஆபீசர் பயப்படுவார். என்ஜினை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, கை தெரிகிற மாதிரி உட்காருங்கள். அவர் கேட்டபிறகு டாஷ்போர்ட்டைத் திறந்தால் போதும். 'பார்த்துச் செய்யுங்க சேர்' என்ற பேச்சு வேண்டவே வேண்டாம். காசை நீட்டினால் தண்டத்தோடு முடியாது, வழக்காகிவிடும்.

ஊரில் 119, இங்கே பொலிஸ், ஆம்புலன்ஸ், தீயணைப்பு மூன்றுக்கும் 911. ஆங்கிலம் தடுமாறினால் 'தமிழ்' என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை லைனில் எடுப்பார்கள். ஸ்டேஷனுக்குப் போய் சிங்களம் தெரியாமல் முழித்த நம் அப்பா அம்மாவுக்கு இந்த வசதி கிடைத்ததா என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

பதுளை அக்கா, லண்டன்:

எங்கள் பக்கம் இடது ஓட்டம்தான், அந்த வகையில் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள். பொலிஸ் காரில் மஞ்சளும் நீலமும் பெரிய பெரிய கட்டங்களாக இருக்கும். தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று 1990களில் கொண்டுவந்த முறை இது. மஞ்சள் பச்சை என்றால் ஆம்புலன்ஸ், மஞ்சள் சிவப்பு என்றால் தீயணைப்பு. விளக்கு எல்லாவற்றுக்கும் நீலம். ஒன்றை மறக்காதீர்கள்: வழி விடுகிறேன் என்று சிவப்பு சிக்னலைத் தாண்டவோ பஸ் லேனில் ஏறவோ கூடாது. கமரா உங்கள் நல்ல மனதைப் பார்க்காது. லைசன்ஸ், இன்சூரன்ஸ் கையில் இல்லாவிட்டால் 7 நாளுக்குள் ஒரு ஸ்டேஷனில் காட்டச் சொல்வார்கள். அவசரத்துக்கு 999, அவசரமில்லாமல் பொலிஸுக்குச் சொல்ல வேண்டியதற்கு 101.

பண்டாரவளைக்காரன், ஸ்டுட்கார்ட்:

ஜேர்மனியில் தலைகீழ். பின்னால் வருவதோடு விடமாட்டார்கள், பல தடவை உங்களை முந்தி முன்னால் வருவார்கள். கூரையில் சிவப்பு எழுத்து ஓடும்: 'பிட்டே ஃபோல்கன்', பின்னால் வா. நடு ரோட்டில் பிரேக் போடாமல் அவர்கள் கூட்டிப்போகிற இடம் வரை போக வேண்டும். முன்பு பச்சை வெள்ளையாக இருந்த கார்கள் இப்போது நீலமும் வெள்ளியும். ஹைவே நெரிசலில் இடது லேனில் இருப்பவர் இடது ஓரத்துக்கும் மற்ற எல்லோரும் வலது ஓரத்துக்கும் ஒதுங்கி நடுவில் பாதை விட வேண்டும். சைரன் கேட்டபிறகு அல்ல, வண்டிகள் ஊரத் தொடங்கியதுமே. விடாதவருக்கு 200 யூரோ. பொலிஸுக்கு 110, மற்றதற்கு 112.

மஸ்கெலியா டிரைவர், துபாய்:

எங்கள் பொலிஸிடம் லம்போகினி இருக்கிறது, 2013இலேயே வந்துவிட்டது. பிள்ளைகள் படம் எடுத்து ஊருக்கு அனுப்பட்டும். நம்மைப் பிடிப்பது ரோட்டோர ரேடார்தான்.

நுவரெலியா வேன்காரர்:

நான் ஊரைவிட்டு எங்கும் போகவில்லை, விமான நிலையத்திலிருந்து உங்களை ஏற்றி வருகிறவன். லீவுக்கு வந்து இங்கே நீங்களே ஓட்ட ஆசைப்பட்டால், வெளிநாட்டு லைசன்ஸுக்கு இங்கே அனுமதி எடுக்காமல் சாவியைத் தொடாதீர்கள். றம்பொடை வளைவுகளில் ஹோர்ன் அடிக்கக் கூச்சப்பட வேண்டாம், இங்கே அது திட்டு அல்ல. டிரபிக் பொலிஸ் கை காட்டினால், கனடா மாதிரி உள்ளேயே உட்கார்ந்திருந்தால் அவரே வருவார், ஆனால் முகம் சரியாக இருக்காது. தண்டம் எழுதினால் லைசன்ஸை எடுத்துக்கொண்டு துண்டு தருவார். 14 நாளுக்குள் தபால் கந்தோரில் கட்டி, ரசீதோடு ஸ்டேஷனில் போய் லைசன்ஸை எடுக்கலாம். பிளைட் அதற்கு முன்னால் என்றால் அன்றைக்கே கட்டிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை தபால் கந்தோர் பூட்டு.